தந்தையின் இன்மையும் பிள்ளைகளின் உள்ளமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘குடும்பமும் அறமும்’ என்னும் பொதுத்தலைப்பில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று விழாக்குழுவினர் உரிமை தந்தனர். தாயன்பைப் பற்றிப் பேசுவது எளிது, கேட்பதும் எளிது. நான் தந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் இல்லாத தந்தையைப் பற்றி. விழா நாளில் இப்படி ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் நமக்குத் தந்துள்ள பெருங்காப்பியமே அப்படித்தான் தொடங்குகிறது என்பதால் துணிந்தேன்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை நாம் மணநூல் என்கிறோம். எட்டு மணங்களைப் பேசுவதால் அப்பெயர். ஆனால் மணநூலின் நாயகன் பிறக்கும் இடம் சுடுகாடு. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அரசி விசயையின்பால் கொண்ட காதல் மிகுதியால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். அறிவுடைய அமைச்சர்கள் தடுத்தும் கேளாமல் ஒப்படைத்தான். நம்பியவனே அரண்மனையைச் சூழ்ந்தபோது, கருவுற்றிருந்த விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் நின்று போரிட்டு மாண்டான். பொறி இறங்கிய இடுகாட்டில் சீவகன் பிறந்தான். தந்தையின் முகத்தை ஒருநாளும் காணாத பிள்ளை அவன். அந்த இன்மைக்குக் காரணம் பகைவனின் வஞ்சகம் மட்டுமன்று, தந்தையின் பிழையும்தான். இதைத் திருத்தக்கதேவர் மறைக்கவில்லை. சச்சந்தனை வீரனாகவும் காட்டுகிறார், தவறியவனாகவும் காட்டுகிறார்.

இறந்த தன் குழவியை அடக்கம் செய்ய அவ்விடுகாட்டிற்கு வந்த கந்துக்கடன் என்னும் வணிகன், அரச முத்திரை மோதிரத்தோடு கிடந்த குழந்தையைக் கண்டெடுத்துத் தன் மனைவி சுநந்தையிடம் சேர்த்தான். அன்று முதல் சீவகனுக்குத் தந்தைக்குத் தந்தையாய் நின்றவன் அவனே. சோற்றுக்குக் குறைவில்லை, கல்விக்குக் குறைவில்லை, உடன்பிறந்தார்க்கும் தோழர்க்கும் குறைவில்லை. குறை ஒன்றே ஒன்று. தான் யார் என்பது சீவகனுக்குத் தெரியாது. கட்டியங்காரன் ஆளும் அதே ஊரில் வளரும் பிள்ளையிடம் அதைச் சொல்வது அவனுடைய உயிருக்கே இறுதியாகும். ஆகவே கந்துக்கடன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் அன்பு இருந்தது, அச்சமும் இருந்தது.

இனிதான் நான் உங்கள் கவனத்தை வேண்டும் இடம் வருகிறது. சீவகனுக்கு அதைச் சொல்பவர் ஆசிரியர் அச்சணந்தி. அவர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். ‘உன் தந்தை கொல்லப்பட்டான்’ என்று தொடங்கவில்லை. வேறு யாரோ ஒருவனுடைய வரலாறு போலத் தொடங்குகிறார். ஓர் அரசன், ஓர் அரசி, ஒரு வஞ்சகன், ஓர் இடுகாடு, ஒரு குழந்தை என்று கதை விரிகிறது. சீவகன் அயலானாக இருந்து கேட்கிறான், கேட்டு இரங்குகிறான். அந்தக் குழந்தை யார் என்று அவனே வினவிய பின்னர்தான், நீதான் அவன் என்கிறார். சீவகன் மயங்கி விழுகிறான். தெளிந்து எழுந்ததும் சினம் மூள்கிறது; அந்தக் கணமே கட்டியங்காரன்மேல் போருக்குப் புறப்படுகிறான். அச்சணந்தி அவனைக் கடியவில்லை. ஓராண்டுக் காலம் பொறுத்திரு, அதுவே எனக்கு நீ தரும் குருதட்சிணை என்று கேட்கிறார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இழப்பை ஒரு பிள்ளைக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதற்கு இதைவிட நுட்பமான பாடத்தை நான் எந்த உளவியல் நூலிலும் கண்டதில்லை. முதலில் பிள்ளை கேட்கும் நிலையில் இருக்க வேண்டும். சொல்பவர் அவனுடைய நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். (அச்சணந்தியின் தீராப் பெரும்பசி நோய் இந்தச் சிறுவன் இட்ட உணவால் தீர்ந்தது என்பது கதை. ஆசிரியர் மாணவனுக்குக் கடன்பட்டவர். இந்தச் செய்தியை என் மாணவர்களிடம் நான் ஒருபோதும் விடாமல் சொல்வேன்.) மயக்கமும் சினமும் வரும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். வந்த பின், அந்தச் சினம் ஆறக் காலம் கேட்க வேண்டும்.

மற்றொரு பிள்ளையையும் நினைத்துக்கொள்வோம். மணிமேகலை பௌத்தக் காப்பியம். எனினும் அதில் வரும் ஒரு காட்சியை விட்டுவிட என்னால் இயலவில்லை. கோவலன் தன் மகளுக்குப் பெயர் சூட்டிய நாளில் குலதெய்வத்தின் பெயரையே சூட்டி, வந்தோர்க்கெல்லாம் பொன்னை வாரி வழங்கியவன். அந்த மகள் வளர்ந்து மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மாதவி வயந்தமாலையிடம் கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைச் சொல்கிறாள். அது பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. மகளை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. மகளின் காதில் அது விழுகிறது. அவள் எதுவும் கேட்கவில்லை. கண்ணீர் உதிர்ந்து தொடுத்த மாலை நனைந்து அதன் தூய்மை கெடுகிறது. மாதவி மகளின் முகத்தைத் துடைத்து, வேறு மலர் கொய்து வரும்படி அனுப்பிவிடுகிறாள். சீவகனுக்கு ஆசிரியர் அமர்ந்து சொன்னார். மணிமேகலைக்கோ யாரும் சொல்லவில்லை, அவளாகக் கேட்டுக்கொண்டாள். நம் வீடுகளில் பெரும்பான்மையான பிள்ளைகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பது என் கணிப்பு. கூடத்தில் நாம் தாழ்ந்த குரலில் பேசுவதை அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

காப்பியங்களை விட்டு நம் ஊருக்கு வருவோம். தந்தை இல்லாத வீடுகள் புதுச்சேரிக்குப் புதியவை அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இந்த ஊரின் ஆண்மக்கள் கடல் கடந்து போவது ஒரு வாழ்க்கைமுறையாகவே இருந்தது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பர். அவர்களுள் பலர் கொச்சின்சீனாவுக்கு, அதாவது சைகோனுக்கு, எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி தண்டுவோராகவும் சென்றனர். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட நம் மக்களுக்கான நினைவுச் சின்னம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகில் நிற்கிறது. மாலை நேரங்களில் நாம் அதைக் கடந்து நடக்கிறோம். மாண்டவர்கள் எத்தனை பிள்ளைகளுக்குத் தந்தையாக இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் அரியர். பின்னர் 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் நம் ஊரார் பிரெஞ்சுப் படையில் இருந்தனர். 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் படைக்குச் செல்வது நிற்கவில்லை. ‘சொல்தா’ என்ற சொல் நம் ஊர்த் தமிழில் அப்படி வந்து தங்கியதுதான்.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் அத்தகைய வீடு ஒன்று இருந்தது. சீருடை அணிந்த தந்தையின் நிழற்படம் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்போது அந்தப் படத்திடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கடிதம் வந்தால் திண்ணையில் பாட்டி அமர, மூத்த பையன் உரக்கப் படிப்பான். தெருவே கேட்கும். தந்தை எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார், எப்போது வருவார் என்பது அந்த வீட்டின் கடைக்குட்டிக்குக்கூடத் தெரியும். அந்த இன்மைக்கு ஒரு முகவரி இருந்தது.

ஆனால் அவர் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். கடைசிப் பெண் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பாட்டியிடம் அவள் கேட்டாளாம், “இவர் எப்போது ஊருக்குப் போவார்?” என்று. படத்திலிருந்த தந்தை பேசாதவர், கோபிக்காதவர், எப்போதும் சிரித்த முகத்தவர். வந்தவரோ சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்குக் கோபித்தார். அதிகாலையில் எல்லோரையும் எழுப்பினார். தெருவார் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாலை வேளைகளில் அவர் தனியே கடற்கரைக்கு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தந்தையின் இன்மை பிள்ளையை மட்டும் தாக்குவதில்லை. பிள்ளையின் வளர்ச்சியைக் காணாமல் போன தந்தையும் ஒன்றை இழக்கிறார். அவர் இழந்ததற்கு ஓய்வூதியம் கிடையாது. இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு கைப்பேசித் திரையில் பிள்ளையின் பிறந்தநாளைக் காணும் தந்தையர்க்கு இது புரியும்.

இதே இந்தோசீனா பின்னர் வியத்நாம் என்ற பெயரில் வேறொரு போரைக் கண்டது. அந்தப் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அம்மையார் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். இறந்தார் என்று உறுதியானால் அழலாம், சடங்கு செய்யலாம், மெல்ல மீளலாம். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாவிட்டால் துயரம் அங்கேயே உறைந்துவிடுகிறது. உறுதிப்படாத இழப்பு என்று இதைத் தமிழில் சொல்லலாம். நமக்கு அண்மையிலேயே, இலங்கையின் வடக்கில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்திருக்கும் அந்தத் தாய்மார்களின் அருகில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்குத் தந்தையின் குரல்கூட நினைவில் இராது. ஆயினும் திதி கொடுக்க மனம் வராது; கொடுக்காமலிருக்கவும் மனம் வராது.

பாலின் பாஸ் இன்னொன்றையும் சொன்னார். உடலால் இல்லாமல் உள்ளத்தில் நிறைந்திருப்பவர் ஒரு வகை. உடலால் வீட்டில் இருந்தும் உள்ளத்தால் இல்லாதவர் மற்றொரு வகை. இரண்டும் உறுதிப்படாத இழப்பே. இரண்டாம் வகைக்கு நான் வெளிநாட்டு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. மதுக்கடைகள் மலிந்த ஊரில் வாழ்கிறோம். இரவு பதினொரு மணிக்கு வாசற்கதவு தட்டப்படும் ஓசையைக் கொண்டே, இன்று தந்தை எப்படி வந்திருக்கிறார் என்று கணிக்கும் பிள்ளைகள் என் வகுப்புகளில் இருந்தார்கள். அவர்கள் முதல் பாடவேளையில் உறங்குவார்கள். நம் சமுதாயத்தில் மது இல்லை என்று பெருமைப்படுகிறோம், பெருமைக்குரியதே. ஆனால் கடையும் கணக்கும் கைப்பேசியும் நம்மிடமும் உண்டு. காலையில் பிள்ளை எழுமுன் கடை திறக்கப் போய், பிள்ளை உறங்கியபின் வரும் தந்தை, ‘எல்லாம் இவனுக்காகத்தானே’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்வது பொய்யன்று. பிள்ளைக்கு அது தெரியாது என்பதுதான் செய்தி.

வகுப்பறை அனுபவம் ஒன்று. ‘என் தந்தை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது தமிழாசிரியர்களின் வழக்கம். தந்தையை இழந்த பிள்ளைகள் அக்கட்டுரையை நீளமாக எழுதுவார்கள். நோய், மருத்துவமனை, கடைசியாகச் சொன்ன சொல் எல்லாம் வரும். வெளிநாட்டில் தந்தை இருக்கும் பிள்ளைகள் அவர் அனுப்பிய பொருள்களின் பட்டியலை எழுதுவார்கள். தந்தை விட்டுப் போய்விட்ட பிள்ளைகள் மட்டும் துணைநூலில் உள்ளதை அப்படியே எழுதுவார்கள்: காலையில் நாளிதழ் படிக்கும் தந்தை, ஞாயிற்றுக்கிழமை பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் தந்தை.

ஒரு மாணவன் அவ்வாறும் எழுதவில்லை. எட்டாம் வகுப்பில் அவனுடைய தந்தை வங்கி எழுத்தர். ஒன்பதில் மேலாளர். பத்தாம் வகுப்பில் டில்லியில் மண்டல மேலாளராகிவிட்டார். உண்மை என்னவென்றால், அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். டில்லியில் வேலை என்று அன்று தாய் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை ஆண்டுதோறும் தன் தந்தைக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி மதிப்பெண் இட்டேன். பின்னர் அவன் தாயைத் தனியே அழைத்துப் பேசினேன். “சொன்னால் தாங்குவானா ஐயா?” என்று கேட்டார்கள். அவனுக்கு முன்பே தெரியும் என்றேன். தெரியாத பிள்ளை தந்தையைப் பார்க்க டில்லிக்கு அழைத்துப் போகச் சொல்லும். மூன்று ஆண்டுகளில் அவன் ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை. அந்த அம்மையார் அன்று வெகுநேரம் அழுதார்கள். அதன்பின் வீட்டில் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் தன் பள்ளிப் படிவத்தில் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் அவனே தாயின் பெயரை எழுதினான்.

நம் ஊரோடு தொடர்புடைய பெருங்கவிஞர் ஒருவரையும் இங்கே எண்ணுகிறேன். பாரதியார் ஐந்து வயதில் தாயை இழந்தவர்; 1898இல் தந்தை சின்னசாமி ஐயரையும் இழந்தார். வணிகத்தில் பொருளெல்லாம் இழந்து நொந்த நிலையில் மறைந்த தந்தை அவர். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார், இங்கிருந்தபோது 1910இல் வெளியிட்ட ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுப் பாடலில் அந்தத் தந்தையைப் பாடுகிறார். மகனுக்கு ஆங்கிலக் கல்வி தரத் தந்தை பட்ட பாட்டையும் பாடுகிறார், அந்தக் கல்வி தமக்குப் பயனற்றுப் போனதையும் பாடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தாமும் பெண்மக்களுக்குத் தந்தையாகி, அயல் ஆட்சியின் ஊரில் அடைக்கலம் புகுந்த நிலையில் அதை எழுதுகிறார். தந்தையின்மேல் அன்பும் மனக்குறையும் ஒரே பாட்டில் நிற்கின்றன.

இறுதியாக, இந்த அவையில் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பள்ளியில் பிற சமயத்து ஆசிரிய நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: “துறவைப் போற்றும் சமயம் உங்களுடையது. துறந்து போகும் தந்தையும் பிள்ளையை விட்டுப் போனவர்தானே?” இதற்கு விடை ஸ்ரீபுராணத்தில் இருக்கிறது. ஆதிபகவன் விருஷபதேவர் துறவுக்குமுன் என்ன செய்தார்? மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். பரதனுக்கும் பாகுபலிக்கும் மற்ற மைந்தர்க்கும் நாடுகளைப் பகிர்ந்தளித்தார். அதன்பின்தான் சென்றார். தீட்சை ஏற்பவர் குடும்பத்தாரின் இசைவைப் பெற வேண்டும் என்ற மரபும் நம்மிடையே உண்டு. இரவில் சொல்லாமல் எழுந்து போவது நம் மரபில் துறவு ஆகாது. எனினும், அவ்வளவும் செய்து சென்ற தந்தைக்குப் பின்னும் பரதனும் பாகுபலியும் தம்முள் பொருதார்கள் என்பதையும் அதே புராணம்தான் சொல்கிறது. நம் நூல்கள் எளிய ஆறுதல் சொல்வனவல்ல.

தசலட்சண பருவம் முடிந்ததும் க்ஷமாவணி நாளில் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். நான் கண்டவரையில் சிறியோர் பெரியோரின் காலைத் தொட்டுக் கேட்பதே மிகுதி. வணிகக் கூட்டாளியிடம் கைப்பேசியில் கேட்கிறோம். பக்கத்து வீட்டாரிடம் நேரில் கேட்கிறோம். தன் மகனிடமோ மகளிடமோ ஒரு தந்தை, “இந்த ஆண்டு நான் உன்னோடு இருக்கவில்லை, பொறுத்துக்கொள்” என்று கேட்டதை நான் ஒரே ஒரு முறை கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு ஓடிவிட்டது. அன்று முழுவதும் அது தந்தையின் பின்னாலேயே திரிந்தது.

சீவகனிடம் திரும்பிச் சென்று முடிக்கிறேன். ஓராண்டு பொறுத்து, நாடெல்லாம் திரிந்து, தவப்பள்ளியில் தாயைக் கண்டு, கட்டியங்காரனை வென்று அவன் அரசனானான். வளர்த்த கந்துக்கடனை மறவாமல் சிறப்புச் செய்தான். காந்தருவதத்தை பெற்ற தன் மகனுக்கு அவன் சூட்டிய பெயர் சச்சந்தன். தான் ஒருநாளும் கண்டிராத, பிழை செய்து மாண்ட அந்தத் தந்தையின் பெயர். பல்லாண்டுகள் கழித்துத் துறவுள்ளம் வந்தபோது, அந்த மகனை அருகழைத்து, எல்லோரும் காண முடிசூட்டி, அரசியல் அறங்களைச் சொல்லி, அதன்பின் அரண்மனையை விட்டு இறங்கினான்.